ஆகாஷும் அதன் பிறகும்: மலிவு விலைக் கைக்கணினியின் நிறையும் குறையும்

எங்கள் மாட்டுங்காத் தெருவில் காலை ஏழு மணிக்கெல்லாம் "பாம், பாம்" என்று ரப்பர் ஹாரன் ஓசை கேட்கும். சைக்கிளின் பின்னால் பாத்திரம் நிறைய இட்லியும் வடையும், பக்கத்தில் தூக்கில் சட்னியுமாகத் தாராவியிலிருந்து வரும் இட்லிக்கார அண்ணாச்சியை மும்பைத் தமிழருக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அந்த ஓசை நின்று போயிற்று. ஆறு மாதம் கழித்து ஒருநாள் அண்ணாச்சி சைக்கிள் இல்லாமல் வந்து வாசலில் நின்றார்.

"சார், மவ பத்தாங்கிளாஸ் படிக்கா. பாடமெல்லாம் போன்லதான் நடக்குதாம். எங்கிட்ட இருக்கது பட்டன் போனு. உங்க வீட்ல பழசு எதுவும் சும்மா கெடந்தா குடுங்க சார்" என்றார்.

வீட்டில் இருந்தது. 2013இல் என் மகன் ஆசையாக வாங்கிய கைக்கணினி ஒன்று. கடைகளில் டேப்லட் என்றும் டேப் என்றும் சொல்கிறார்களே, அதுதான். ஏழு அங்குலத் திரை. அந்நாளைய மலிவு ரகங்களில் ஒன்று. அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, இரவு முழுவதும் மின்னேற்றம் செய்தேன். காலையில் விளக்கு எரிந்தது, படம் தெரிந்தது. ஆனால் பள்ளி வகுப்பு நடத்தும் செயலி மட்டும் அதில் ஏறவே மறுத்துவிட்டது. அதிலிருந்த ஆண்ட்ராய்டு மென்பொருள் அத்தனை பழையது. பொருள் கெடவில்லை, ஆனால் பயன்படவும் இல்லை.

அன்றுதான் 'ஆகாஷ்' நினைவுக்கு வந்தது. ஏழை மாணவர் கையில் ஒரு கணினி என்று நாடே பேசிய அந்தக் கதையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. மலிவு விலைக் கைக்கணினி என்பது வரமா, வீண் செலவா என்ற கேள்விக்கு அதில் பாதி விடை இருக்கிறது. மீதி விடையை அண்ணாச்சியின் மகள் சொன்னாள்.

கனவின் வரலாறு

நம் நாட்டுக்கு இந்த ஆசை புதிதல்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் முன்னின்று உருவாக்கிய 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கணினி 2001இல் அறிமுகமாகி, 2004இல் விற்பனைக்கு வந்தது. நல்ல முயற்சி; ஆனால் எண்ணிக்கையில் பெருகவில்லை. 2009இல் திருப்பதியில் 'பத்து டாலர் மடிக்கணினி' என்று பெரும் எதிர்பார்ப்போடு ஒன்றைக் காட்டினார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் அது கணினியே அல்ல, பாடங்களைச் சேமித்து வைக்கும் கருவி! செய்தியாளர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஆகவே 2011 அக்டோபர் 5ஆம் நாள் புது தில்லியில், அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' கைக்கணினியை வெளியிட்டபோது, உண்மையாகவே இயங்கும் ஒரு பொருள் கண்ணெதிரே இருந்ததே பெரிய செய்தி. அவ்வாண்டு ஜனவரியில் இந்தியக் கடைகளுக்கு வந்த ஐபேடின் ஆரம்ப விலை 27,900 ரூபாய். ஆகாஷுக்கு அரசு கொடுத்த விலையோ ஏறத்தாழ 2,276 ரூபாய்தான். மானியம் போக மாணவர் தர வேண்டியது அதிலும் குறைவு. டேட்டாவிண்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. ஐதராபாத்தில் பாகங்களைப் பொருத்தினார்கள். சரிபார்க்கும் பொறுப்பு ராஜஸ்தான் ஐ.ஐ.டி.யிடம் இருந்தது.

நிறைகள்

குறை சொல்வது எளிது. முதலில் நிறைகளைச் சொல்லிவிடுவோம்.

ஏழு அங்குலத் திரை கைபேசியைவிடப் பெரிது. அக்காலக் கைபேசியில் ஒரு பக்கத்தைப் படிக்கக் கண்ணை இடுக்க வேண்டும், இதில் வேண்டியதில்லை. எடை சுமார் 350 கிராம். பள்ளிப் பைக்குப் பாரமில்லை. விலை உயர்ந்த கைக்கணினிகளிலேயே இல்லாத ஒரு வசதியும் இதில் இருந்தது. கணினியில் இருப்பது போன்ற முழு அளவு யு.எஸ்.பி. துளைகள் இரண்டு. நண்பரிடமிருந்து பென் டிரைவில் பாடத்தை வாங்கி நேரே செருகிப் படிக்கலாம். தனி விசைப்பலகையை இணைத்துத் தட்டச்சு செய்யலாம். இணையம் இல்லாத ஊர் மாணவனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு நன்மை பொருளுக்கு வெளியே நடந்தது. கைக்கணினி என்றால் முப்பதாயிரம் என்ற எண்ணத்தை ஆகாஷ் உடைத்தது. அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்குப் பல நிறுவனங்களின் கைக்கணினிகள் கடைகளில் குவிந்தன. இந்த விலைக்கும் முடியும் என்று ஒருவர் காட்டிவிட்டால், மற்றவர்கள் தாமே பின்தொடர்கிறார்கள்.

குறைகள்

இனி மறுபக்கம். முதல் ஆகாஷின் மூளை 366 மெகாஹெர்ட்ஸ் வேகம்; நினைவகம் 256 எம்.பி. ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

தொடுதிரையும் பழைய வகை. இன்றைய திரைகள் விரலிலுள்ள மின்தன்மையை உணர்ந்து, இலேசாகத் தொட்டாலே வேலை செய்கின்றன. ஆகாஷின் திரையில் இரண்டு மெல்லிய படலங்கள் இருந்தன. மேல் படலத்தை அழுத்திக் கீழ்ப் படலத்தோடு முட்ட வைத்தால்தான் கட்டளை போய்ச் சேரும். நகத்தால் குத்த வேண்டும். இந்த வகைத் திரை மலிவு என்பதே காரணம்.

பேட்டரி 2,100 எம்.ஏ.எச். தொடர்ந்து பயன்படுத்தினால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். கல்லூரியோ ஐந்தாறு மணி நேரம் நடக்கிறது. இணையத்துக்கு வைஃபை மட்டுமே; சிம் அட்டை போட இடமில்லை. 2011இல் எத்தனை சிற்றூர்க் கல்லூரிகளில் வைஃபை இருந்தது? கூகுளின் செயலிக் கடையும் கிடையாது. வேறொரு சிறு கடையிலிருந்து கிடைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு, அதிலிருந்த ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பில் இந்திய மொழி எழுத்துகளைச் சரிவரக் காட்டும் வசதி அமைந்திருக்கவில்லை. கொம்பும் காலும் இடம் மாறிய தமிழையும், எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்களையும் அந்நாளைய கைபேசிகளில் நாம் எல்லோரும் பார்த்தவர்கள்தானே?

பொருளைச் சோதிப்பதிலும் சண்டை வந்தது. மழையைத் தாங்க வேண்டும், கீழே விழுந்தாலும் பிழைக்க வேண்டும் என்று ராஜஸ்தான் ஐ.ஐ.டி. கடுமையான சோதனைகளை வைத்தது. இந்த விலைக்கு இராணுவத் தரம் கேட்பது நியாயமா என்றது நிறுவனம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. மாணவன் மழையில் நடந்துதான் கல்லூரிக்குப் போகிறான். இரண்டாயிரம் ரூபாய்ப் பொருள் மழையைத் தாங்காது என்பதும் உண்மைதான்.

பவாய் செய்த வேலை

2012இல் பொறுப்பு நம் ஊர் பவாயிலுள்ள மும்பை ஐ.ஐ.டி.க்கு மாறியது. அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 'ஆகாஷ் 2'ஐ வெளியிட்டார். குறைகள் பலவும் நீங்கியிருந்தன. வேகம் 1 ஜிகாஹெர்ட்ஸ், நினைவகம் 512 எம்.பி., இலேசாகத் தொட்டாலே இயங்கும் திரை, 3,000 எம்.ஏ.எச். பேட்டரி, ஆண்ட்ராய்டு 4.0. அரசு கொடுத்த விலை 2,263 ரூபாய். மாணவருக்கு 1,130 ரூபாய். ஒரே ஆண்டில், ஏறக்குறைய அதே விலையில், இவ்வளவு முன்னேற்றம்! பாகங்கள் சீனாவில் செய்யப்பட்டவை என்று சர்ச்சை எழுந்தது. இன்றும் பல கருவிகளின் உள்ளே அதே கதைதான்.

பேராசிரியர் தீபக் பாட்டக் தலைமையில் பவாயில் நடந்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். பொருளைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதைக்கொண்டு பாடம் நடத்த ஆசிரியருக்குத் தெரிய வேண்டும் என்று அவர்கள் ஆயிரக்கணக்கான கல்லூரி ஆசிரியர்களுக்குத் தொலைவழிப் பயிற்சி அளித்தார்கள். பொறியியல் மாணவர் நிரல் எழுதிப் பழகவும், கணக்கீட்டு மென்பொருளான சைலாபைப் பயன்படுத்தவும் வழி செய்தார்கள். அதே ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுட்டோரியல்' பாடங்கள் தமிழிலும் உண்டு என்பதை நம் பிள்ளைகள் பலர் இன்னும் அறியவில்லை.

ஆனாலும் திட்டம் நீடிக்கவில்லை. சுமார் ஒரு லட்சம் கருவிகளோடு 2015இல் அது முடிவுக்கு வந்தது. கோடிக்கணக்கான மாணவருள்ள நாட்டில் ஒரு லட்சம் எந்த மூலைக்கு? அதே 2011 செப்டம்பரில் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியதை இங்கே ஒப்பிடலாம். ஒரு மடிக்கணினியின் விலையில் பல ஆகாஷ் வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் அது விசைப்பலகையோடு கூடிய முழுக் கணினி. லட்சம் லட்சமாகக் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அண்ணாச்சியின் மகள்

மீண்டும் 2020க்கு வருவோம். பழையது உதவாது என்று தெரிந்ததும், லாமிங்டன் சாலைக் கடை ஒன்றில் 5,500 ரூபாய்க்குப் புதிய சிறு கைக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பெயர் வேண்டாம், அந்த விலையில் எல்லாம் ஒன்றுபோலத்தான். சிம் போட இடமிருந்தது. தமிழ் எழுத்து அழகாகத் தெரிந்தது. மறுநாளே அந்தப் பெண் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். எனக்குப் பெரிய திருப்தி.

திருப்தி இரண்டு மாதம்தான். ஒருநாள் அவளே வந்தாள். திரையின் வலது ஓரத்தில் விரல் அகலத்துக்குத் தொடுவுணர்வு செத்துப் போயிருந்தது. வீட்டுப்பாடத்தை அனுப்பும் பொத்தான் சரியாக அந்த ஓரத்தில்தான் வரும்! கடைக்காரர் திரை மாற்ற 2,800 ரூபாய் கேட்டார். பொருளின் விலையில் பாதிக்கு மேல்.

"பரவாயில்ல சார், நான் அதக் குறுக்கால திருப்பிப் பிடிச்சுக்கிடுவேன். அப்ப பொத்தான் வேற எடத்துக்கு வந்திருது" என்றாள் அவள், வெகு சாதாரணமாக.

பிறகு மின்னேற்றும் துளை தளர்ந்தது. ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் மின்சாரம் ஏறும். பேட்டரி நிற்காததால் வகுப்பு முழுவதும் ஒயரில் மாட்டியே வைக்க வேண்டும். அவர்கள் வீட்டில் இருந்ததோ ஒரே பிளக். அதில்தான் மாவரைக்கும் கிரைண்டரும் ஓட வேண்டும். வகுப்பு முடிந்த பிறகே மாவு அரைப்பது என்று வீட்டில் ஒப்பந்தமாயிற்று. நாளொன்றுக்கான இணைய அளவு தீர்ந்துவிட்டால் கடைசி வகுப்பு போச்சு.

அந்த ஆண்டு மகாராஷ்டிரத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. 2021இல் தேர்வை ரத்து செய்து, ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணையும் பத்தாம் வகுப்பின் உள்மதிப்பீட்டையும் கொண்டு முடிவு வெளியிட்டார்கள். அதாவது, குறுக்கே திருப்பிப் பிடித்து அவள் அனுப்பிய வீட்டுப்பாடங்களும் கணக்கில் வந்தன. நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். அந்தக் கைக்கணினி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அது கொஞ்சம் நல்லதாக இருந்திருந்தால் அவள் இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாமே என்றும் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டும் உண்மை.

வசதியுள்ளவன் வாங்கும் பொருளில் குறை இருந்தால் மாற்றிக்கொள்வான். ஏழை வாங்கும் பொருளில் உள்ள குறையை ஏழைதான் தன் உழைப்பால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. விலைச்சீட்டில் குறைத்த பணத்தை நேரமாகவும், மின்சாரமாகவும், பழுதுச் செலவாகவும் அவன் பின்னால் கட்டுகிறான். ஆகாஷ் திட்டம் போட்டவர்களும் நானும் செய்த தவறு ஒன்றேதான். வாங்கும் விலையை மட்டும் கணக்குப் பார்த்தோம்.

வாங்கு முன்பும் கொடுக்கு முன்பும்

நம் சங்க உறுப்பினர்கள் பலர் பிள்ளைகளுக்கும் தெரிந்தவர்களுக்கும் இத்தகைய பொருள் வாங்கித் தருகிறார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

1. கடையிலேயே ஒரு படக்குறியை விரலால் பிடித்து, விரலை எடுக்காமல் நான்கு ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் இழுத்துப் பாருங்கள். எங்கே நழுவுகிறதோ அங்கே திரையில் குறை.

2. எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு, எத்தனை ஆண்டு புதுப்பிப்பு கிடைக்கும் என்று கேளுங்கள். பழைய பதிப்பென்றால் மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

3. திரை மாற்ற என்ன ஆகும், பழுது பார்க்கும் இடம் எங்கே என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

4. வைஃபை இல்லாத வீட்டுக்கு சிம் வசதியுள்ளதே பயன். முடிந்தால் சில மாத இணையக் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

5. ஒரு உறையும் உறுதியான ஒயரும் சேர்த்து வாங்குங்கள். ஐந்நூறு ரூபாய்ச் செலவு ஐயாயிரத்தைக் காப்பாற்றும்.

6. பழையதை தானம் செய்யு முன், பெறுபவருக்கு வேண்டிய செயலி அதில் ஓடுகிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். ஓடாத பொருளைக் கொடுத்து ஒரு பிள்ளையை ஏமாற்ற வேண்டாம்.

அண்ணாச்சியின் சைக்கிள் இப்போது மீண்டும் காலையில் வருகிறது. மகள் வணிகவியல் படிக்கப் போனாள். அந்தக் கைக்கணினி என்ன ஆயிற்று என்று ஒருநாள் கேட்டேன். "கெடக்கு சார், கிரைண்டர் பக்கத்துல. மாவு அரைக்கையில பாட்டுப் போடுவேன்" என்றார், சட்னியை ஊற்றிக்கொண்டே. "அந்த ஓரம் மட்டும் இன்னும் வேலை செய்யாது."