போட்டிச் சட்ட வழக்கறிஞர்களின் பணிமாற்றம் (இந்தியா)

போட்டிச் சட்ட வழக்கறிஞர்களின் பணிமாற்றம் என்பது, போட்டிச் சட்டத்தில் நீண்ட அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து விலகி மற்றொன்றில் சேர்வதையோ தனி அலுவலகம் தொடங்குவதையோ குறிக்கும். போட்டியாளர்கள் தமக்குள் பேசி விலையை நிர்ணயித்தல், சந்தையில் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தல், போட்டியைக் குலைக்கும் நிறுவன இணைப்பு ஆகிய மூன்றையும் இச்சட்டம் கட்டுப்படுத்துகிறது. இத்துறை வழக்கறிஞர்கள் பெரும்பாலும் புது தில்லியிலும் மும்பையிலும் பணிபுரிகின்றனர். எனினும் வழக்குகளின் விளைவு கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் போன்ற தொழில் நகரங்களையும் எட்டுகிறது.

வரலாறு

1969ஆம் ஆண்டின் முற்றுரிமைத் தடுப்புச் சட்டத்திற்கு மாற்றாகப் போட்டிச் சட்டம், 2002 இயற்றப்பட்டது. இந்தியப் போட்டி ஆணையம் 2003இல் நிறுவப்பட்டாலும், முக்கியப் பிரிவுகள் மே 20, 2009 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. நிறுவன இணைப்புகள் குறித்த பிரிவுகள் சூன் 1, 2011 முதல் செயற்பட்டன. இதன் பின்னரே இத்துறைக்கெனத் தனிப் பிரிவுகளைச் சட்ட நிறுவனங்கள் வளர்க்கத் தொடங்கின.

சூன் 2012இல் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு ஆணையம் ஏறத்தாழ 6,300 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. கோவையை அடுத்த மதுக்கரையில் ஆலை வைத்திருந்த ஏசிசியும் அவற்றுள் ஒன்று. அவ்வாணை 2015இல் நீக்கப்பட்டு, 2016இல் மீண்டும் பிறப்பிக்கப்பட்டு, 2018இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தால் உறுதி செய்யப்பட்டது. இவ்வாறு வழக்குகள் பல ஆண்டுகள் நீள்வதால், இடையில் வழக்கறிஞர் நிறுவனம் மாறினால் கட்சிக்காரர் அவருடன் செல்வதா, பழைய நிறுவனத்திலேயே தொடர்வதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பணி நிலைகள்

சட்ட நிறுவனத்தின் உயர்நிலைப் பணியாளர் பங்காளர் எனப்படுவார். இது வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன் 16ஆம் பிரிவின்படி நீதிமன்றம் வழங்கும் "மூத்த வழக்கறிஞர்" தகுதியிலிருந்து வேறானது. முன்பு ஒரு கூட்டாண்மை நிறுவனத்தில் 20 பங்காளர்களுக்கு மேல் இருக்க இயலாது. வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம், 2008 இவ்வரம்பற்ற அமைப்பு முறையை அளித்தது. 2015இல் அமர்சந்த் மங்கள்தாஸ் நிறுவனம், உடன்பிறந்தோரான சர்துல் சிராஃப், சிரில் சிராஃப் ஆகியோரின் தலைமையில் இரண்டாகப் பிரிந்தது.

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்ய இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36ஆம் விதி தடை விதிக்கிறது. ஆகவே கட்சிக்காரர்கள் பெரும்பாலும் தனிமனிதரின் பெயரை நம்பியே வருகின்றனர். ஒரு பங்காளர் விலகும்போது அவருடைய இளம் வழக்கறிஞர்களும் சில கட்சிக்காரர்களும் உடன் செல்வது இதனாலேயே.

கட்டுப்பாடுகள்

* ஒரு தரப்புக்கு ஆலோசனை கூறியவர், அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்காக முன்னிலையாகக் கூடாது (33ஆம் விதி).
* கட்சிக்காரர் கூறியவற்றை வெளியிடாத கடமை, பணி முடிந்த பின்னும் தொடரும். இது முன்பு 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. சூலை 1, 2024 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவில் உள்ளது.
* போட்டி ஆணையத்தின் தலைவரும் உறுப்பினர்களும், தம் ஆணையத்தில் வழக்கிருந்த நிறுவனங்களில், பதவி விலகிய இரண்டாண்டுகளுக்குப் பணியேற்க முடியாது (போட்டிச் சட்டம், 12ஆம் பிரிவு).

கொங்கு நாடும் போட்டிச் சட்டமும்

கோவையின் முதல் நூற்பாலை 1888இல் தொடங்கப்பட்டது. தென்னிந்திய ஆலைகள் சங்கம் 1933 முதல் இந்நகரிலிருந்து இயங்குகிறது. பருத்தியுடன் விஸ்கோஸ் இழையையும் இப்பகுதி ஆலைகள் நூற்கின்றன.

விஸ்கோஸ் இழை விற்பனையில் ஆதிக்க நிலையிலிருந்த கிராசிம் நிறுவனம், நூற்பாலைகளிடம் வேறுபட்ட விலைகளை வசூலித்ததாகவும் கூடுதல் நிபந்தனைகளை விதித்ததாகவும் மார்ச் 2020இல் ஆணையம் முடிவு செய்து, 301.61 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. அந்நிறுவனம் மேல்முறையீடு செய்தது. இவ்வழக்கில் தகவல் அளித்தவரின் பெயர் வெளியிடப்படாமல், ஆணையில் "எக்ஸ் ஒய் இசட்" என்றே குறிக்கப்பட்டது.

மூலப்பொருளுக்காக ஒரே விற்பனையாளரைச் சார்ந்திருக்கும் ஆலை, அவர்மீது வெளிப்படையாகப் புகார் கூறுவது எளிதன்று. சரக்கு நின்றால் கதிர்களும் நின்றுவிடும். பெயரை மறைத்துக் கொள்ளும் உரிமையே அதன் பாதுகாப்பு. அந்தப் பெயரை அறிந்தவர்களுள் அதன் வழக்கறிஞரும் ஒருவர். நாளை அவர் எதிர்த்தரப்பின் சட்ட நிறுவனத்திலேயே பங்காளராகச் சேரலாம். புதிய நிறுவனம் நியமனத்திற்கு முன்பே அவருடைய பழைய வழக்குகளைச் சரிபார்ப்பதும், அவற்றின் கோப்புகளிலிருந்து அவரை விலக்கி வைப்பதும் இக்காரணத்தாலேயே இன்றியமையாதவை ஆகின்றன.

ஆணையத்தின் முன் வழக்கறிஞர் மட்டுமன்றி, பட்டயக் கணக்கர், நிறுவனச் செயலர், செலவுக் கணக்கர் ஆகியோரும் முன்னிலையாகலாம் (35ஆம் பிரிவு). ஆணையத்தின் தென்மண்டல அலுவலகம் 2021இல் சென்னையில் திறக்கப்பட்டது.