கட்டியைப் பட்டினி போடும் ஊசி: மார்பகப் புற்றுநோய்க்குப் பலன் தந்ததா?

பெங்களூர் ஓசூர் ரோட்டில் உள்ள கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1973-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் வாசலில் நின்றால் கன்னடத்தோடு தமிழும் காதில் விழும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருந்தும் நம்மவர்கள் வருகிறார்கள்.

இப்படி வருகிறவர்களிடம் யாராவது, "கட்டிக்கு ரத்தம் போகாமல் தடுக்கும் ஊசி இருக்கிறதாம், விலைதான் அதிகம்" என்று சொன்னால் போதும். நகை அடகுக் கடைக்குப் போகும். பி.எப். கடனுக்கு மனு எழுதப்படும். எனவே அந்த ஊசியின் கதையைத் தெரிந்து கொள்வது நல்லது.

வாய்க்காலை அடைக்கும் யோசனை

கட்டி வளர ஆகாரம் வேண்டும். அதைக் கொண்டு வருவது ரத்தம். ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் பெருக வேண்டுமானால், கட்டி தன்னைச் சுற்றிப் புது ரத்தக் குழாய்களை வளர வைக்கிறது. 1971-ல் இதைச் சொன்னவர் அமெரிக்க டாக்டர் ஜூடா போக்மன். வாய்க்காலை அடைத்தால் பயிர் வாடும்; குழாயைத் தடுத்தால் கட்டி வாடும் என்பது அவர் யோசனை. அன்று பலர் நம்பவில்லை.

குழாய்களை வளரச் செய்யும் புரதத்தை 1989-ல் விஞ்ஞானி பெராரா கண்டறிந்தார். அந்தப் புரதத்தைக் கட்டிப் போடும் மருந்துதான் பெவாசிசுமாப். குடல் புற்றுநோய்க்கு 2004-ல் அமெரிக்கா அதை அனுமதித்தது.

கொடுத்த அனுமதி ரத்து

உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்கும் 2008-ல் அனுமதி கிடைத்தது. வழக்கமான மருந்து மட்டும் கொடுத்தபோது சுமார் 6 மாதம் நோய் முற்றாமல் இருந்தது. இந்த ஊசியையும் சேர்த்தபோது அது சுமார் 12 மாதம் ஆனது. ஆனால் ஆயுள் கூடியதாக நிரூபணம் ஆகவில்லை. அடுத்து வந்த சோதனைகளில் இந்தப் பலனும் குறைவாகவே இருந்தது. ரத்தக் கொதிப்பு, ரத்தக் கசிவு போன்ற தொல்லைகளும் உண்டு. 2011 நவம்பரில் அமெரிக்கா அந்த அனுமதியை ரத்து செய்தது. ஐரோப்பாவில் முழுவதும் நிறுத்தவில்லை.

காரணம் என்ன? ஒரு வழியை அடைத்தால் கட்டி வேறு வழி தேடிக் கொள்கிறது.

மருந்து பொய்யல்ல. குடல் புற்றுநோய் முதலியவற்றுக்கு இன்றும் பயன்படுகிறது. நமது பெங்களூர் பயோகான் கம்பெனியே 2017-ல் இதே வகை மருந்தை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

டாக்டரிடம் கேளுங்கள்

நகையைக் கழற்றும் முன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "இது ஆயுளைக் கூட்டுமா, கட்டியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்குமா?" கேட்பதில் கூச்சம் வேண்டாம். பதிலைக் கேட்ட பிறகு முடிவு செய்யலாம்.

இன்னொன்று. மார்பில் வரும் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லையே என்று விட்டுவிடுவதும், ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று தள்ளிப் போடுவதும்தான் ஆபத்து. கட்டி தட்டுப்பட்டால் உடனே காட்டுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பலரைக் குணப்படுத்த முடியும். அந்த ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும்.