நந்தவனத்து மலர்களின் குணநலன்கள்

சித்திரை, வைகாசித் திங்களில் தமிழகத் திருக்கோயில்கள் பலவற்றில் வசந்த உற்சவம் நடைபெறுவது மரபாகும். கோடை வெப்பம் தணிய, மலர்களின் நடுவே குளிர்ந்த மண்டபத்தில் இறைவன் எழுந்தருளுவான். மதுரையில் திருமலை நாயக்க மன்னர் 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புதுமண்டபம் இவ்விழாவுக்காகவே அமைந்ததாகும். அத்தகைய கோடை நந்தவனத்தில் நின்ற பூக்களை நம் முன்னோர் வெறும் செடிகொடியின் விளைவாகக் கருதவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் கற்பித்தனர். அவர்கள் பார்வையில் பூக்களிலே பொய் சொன்னவள் உண்டு. மானம் மிக்கவள் உண்டு. ஒதுக்கப்பட்டு, பின் இறைவனால் ஏற்கப்பட்டவளும் உண்டு.

பொய் சொன்னவள் தாழம்பூ. சிவபெருமானின் திருமுடியைக் கண்டதாகப் பிரமன் கூறிய பொய்க்குச் சாட்சி நின்றதால், சிவபூசைக்கு ஆகாதவளானாள் என்பது புராணம். ஆயினும் இராமநாதபுரம் மாவட்டத்து உத்தரகோசமங்கையில் இன்றும் ஈசனுக்குத் தாழம்பூ சாத்தப்படுகிறது. தண்டனை பெற்றவளுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பது எத்துணை ஆறுதல்!

யாரும் நீரூற்றாத தரிசு நிலத்தில் வளரும் எருக்குக்கு மணமும் இல்லை, மதிப்பும் இல்லை. அதன் மாலையைத்தான் விநாயகர் விரும்பி அணிகிறார். தும்பையோ விரல் நுனியளவே உள்ள வெள்ளைப் பூ. அவ்வளவு சிறிய பூவைச் சூடித்தான் பண்டைத் தமிழ் வீரர் நேருக்கு நேர் நின்று போர் புரிந்தனர் என்று இலக்கண நூல்கள் கூறும். திருவள்ளுவர் சொல்லும் அனிச்சம் இதற்கு நேர்மாறானது. முகர்ந்தாலே வாடிவிடும் அதனினும் மெல்லியவர், நாம் முகம் மாறிப் பார்த்தாலே வாடும் விருந்தினர் என்கிறார் அவர்.

எல்லாரினும் மானமுள்ளவள் பவளமல்லி. சூரியனை விரும்பி, அவனால் கைவிடப்பட்ட அரசகுமாரி தீயில் மாய்ந்தாளாம். அவள் சாம்பலில் முளைத்த செடி ஆதலால், கதிரவன் முகத்தில் விழிக்க மனமின்றி இரவில் மலர்ந்து விடியலில் உதிர்ந்துவிடுகிறாள் என்பர். தரையில் விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்பது பொது விதி. பவளமல்லிக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. துயருற்றவளிடம் சாத்திரமும் சற்று இளகிவிட்டது போலும்.

திருப்புகலூர் முருக நாயனார் வைகறையில் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகை மலர்களையும் வகைவகையாய்க் கூடைகளில் கொய்து, மாலை தொடுத்து இறைவனுக்குச் சாத்தியவர். பூவின் பெயரும் தன்மையும் அறியாதவரால் அத்தொண்டு இயன்றிருக்குமா?

நம் குவீன்ஸ்டவுன் நிலையை எண்ணிப் பார்த்தல் தகும். 1932-ஆம் ஆண்டில் ரயில்வேத் தொழிலாளர்கள் தொடங்கி, இன்று காமன்வெல்த் டிரைவில் விளங்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம் இவ்வட்டாரத்தில்தான் உள்ளது. அன்று சுற்றிலும் செடிகொடிகள் நிறைந்திருந்தன. இன்று அடுக்குமாடி வீடுகள். பூங்காவில் பூப்பறித்தல் சட்டப்படி குற்றம். பிறர் தோட்டத்துப் பூவைக் கேளாமல் பறித்துச் சாத்துவது ஆகாது என்று நம் மரபும் முன்பே விதித்திருக்கிறது. ஆகவே மல்லிகை விமானத்தில் வந்து இறங்குகிறது. சிராங்கூன் சாலையிலும் கேம்பல் லேனிலும் கட்டிய மாலையாகவே வாங்கி வருகிறோம். இதில் பிழை ஏதுமில்லை. ஆனால் “பூ கொடுங்கள்” என்று கேட்டு வாங்கும் இளைய தலைமுறைக்கு, மாலையில் இருப்பது அரளியா, சம்பங்கியா என்று கூடச் சொல்லத் தெரியவில்லை. பெயரே தெரியாதபோது குணம் எங்ஙனம் தெரியும்? கதை சொல்லும் பாட்டிமார் மறைந்தால், அவர்களோடு பவளமல்லியின் துயரமும் மறைந்துவிடும்.

கோடை என்று தனிப் பருவம் இல்லாத இத்தீவிலும், மழையற்ற வறண்ட நாட்களைத் தொடர்ந்து சாலையோரச் சரக்கொன்றை மரங்கள் பொன்னாய்ப் பூத்துத் தொங்குவதைக் காணலாம். சிவபெருமான் சடையில் சூடும் கொன்றை இதுவே என்று அறிந்து நிமிர்ந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

இங்கே ஒரு புதியவளையும் குறிப்பிட வேண்டும். 1893-இல் ஆக்னஸ் ஜோக்கிம் அம்மையார் பெயரால் அறிமுகமாகி, 1981-இல் சிங்கப்பூரின் தேசிய மலரானது ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ என்னும் ஆர்க்கிட். அவ்வினத்துக்குத் தேவாரத்திலும் இடமில்லை, புராணத்திலும் கதையில்லை. இருந்தும் சிங்கப்பூர் ஆலயங்களில் ஆர்க்கிட் மாலைகள் தெய்வத் திருமேனிகளை அலங்கரிக்கின்றன. எளிதில் வாடாத பொறுமையே அவளுக்கு இந்த இடத்தைப் பெற்றுத் தந்தது எனலாம். மரத்தைப் பற்றி வாழ்ந்தாலும் அதன் சாற்றை உறிஞ்சாத ஆர்க்கிட் வகைகள் பல. ஒட்டுண்ணி அல்லாத விருந்தாளிகள் அவை! வந்த மண்ணில் உழைத்து வேரூன்றிய நம் முன்னோருக்கு அவள் உறவினளே.

புறப்பூசைக்குப் புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், குவளை, பாதிரி, அலரி, செந்தாமரை என எட்டு மலர்களைச் சொல்லும் சைவ நூல்கள், அகப்பூசைக்கும் எட்டு மலர்களைச் சொல்கின்றன: கொல்லாமை, ஐம்பொறியடக்கல், பொறுமை, இரக்கம், அறிவு, மெய், தவம், அன்பு. இவ்விரண்டாம் வரிசையில் உள்ளவை யாவும் குணங்களே.

நந்தியாவட்டையும் பவளமல்லியும் தொட்டியிலும் வளரக்கூடியவை. தாழ்வாரத்தில் நடைவழியை மறைக்காமல் ஒரு தொட்டி வைக்க இயலும். பவளமல்லி வளர்ப்போர் இரவிலேயே செடியடியில் தூய வெள்ளைத் துணியை விரித்து வைத்தல் நலம். விடியுமுன் பிள்ளைகளை எழுப்பிவிட்டால், உதிர்ந்த பூவைப் பொறுக்கும்போதே அந்த அரசகுமாரியின் கதையையும் அவர்களுக்குச் சொல்லிவிடலாம்.