ஈற்றுக் கொட்டிலின் தரை

சிராங்கூன் வட்டாரத்து இடப்பெயர்கள் அங்கு நடந்த பழந்தொழிலை இன்றும் அறிவிக்கின்றன. கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைக் கொட்டில் என்பது பொருள். பஃபலோ சாலையும் லெம்பு சாலையும் அக்காலத்து மாட்டுத் தொழிலின் எச்சங்களே. அவ்வழியே வடகிழக்காக, மேல் சிராங்கூனைத் தாண்டிப் பொங்கோல் வரை சென்றால், அங்கே முன்பு நிறைந்திருந்தவை பன்றிப் பண்ணைகள். மாட்டுக்கு ஏற்ற தரை பன்றிக்கும் ஏற்குமா? பிறவற்றுக்கு ஒருவாறு ஏற்கலாம். குட்டி ஈனும் கொட்டிலுக்கு ஏலாது.

பசு தன் கன்றை நக்கி உலர்த்துகிறது. பன்றியோ குட்டிகளை நக்குவதில்லை. 114 நாள் அளவில் கருச்சுமந்து ஈனும் குட்டி ஒன்றின் எடை ஏறத்தாழ 1.5 கிலோவுக்கு உட்பட்டதே. (தொல்காப்பிய மரபியல் இதனைக் குருளை என்னும் பெயரால் குறிக்கும், பெண்பன்றிக்குப் பிணவு என்பது பெயர்.) அதன் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. ஈரத்தோடு விழும் அக்குட்டிக்கு 32 முதல் 34 பாகை வரை வெப்பம் வேண்டும். தாய்க்கோ 20 பாகை அளவே இதம். 25ஐத் தாண்டினால் அது தீனியைக் குறைக்கும், பாலும் குறையும். ஆகவே ஒரே தரைமேல் இருவேறு தட்பவெப்பம் தேவைப்படுகிறது. இடர்ப்பாடு முழுவதும் இதில்தான் அடங்கியுள்ளது.

சிங்கப்பூரின் இரவு நமக்குப் புழுக்கமாக இருக்கலாம். நனைந்த சிமெண்டுத் தரையில் கிடக்கும் புதுக்குட்டிக்கு அது குளிரே. குளிர்ந்த குட்டி வெப்பத்தை நாடித் தாயின் வயிற்றோரம் ஒண்டும். தாய் புரண்டு படுக்கும்போது நசுங்கி இறக்கும். பிறந்த முதல் மூன்று நாட்களில் நேரும் சாவுகளில் இத்தகையவை மிகப் பல. தாயின் முரட்டுத்தனம் என்று பலர் பழிப்பர்; தரையை எவரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

சிமெண்டுத் தரை மலிவானது, நெடுங்காலம் உழைப்பது. ஆனால் சொரசொரப்பாக விட்டால், பால் குடிக்க முன்னங்காலை ஊன்றி உந்தும் குட்டியின் முழங்கால் தோல் உரியும். அப்புண் வழியே கிருமி புகுந்து மூட்டு வீங்கும். வழவழப்பாகப் பூசினாலோ தாய் வழுக்கி விழும். மரக்கட்டையால் தேய்த்த நடுத்தரமான பூச்சே ஏற்றது. சிந்திய தீனியும் பாலும் புளித்துச் சிமெண்டை அரிப்பதால் ஆண்டுதோறும் பழுது பார்க்கவும் வேண்டும். குட்டிகள் படுக்கும் மூலையில் உலர்ந்த உமியோ மரத்தூளோ பரப்புதல் நன்று.

கழிவு கீழே விழும்படி இடைவெளி விட்டமைத்த சட்டத் தளம் மற்றொரு வகை. வார்ப்பிரும்புச் சட்டம் வெப்பத்தை உறிஞ்சுவதால் தாயின் கீழ் அது பொருந்தும். குட்டியின் கீழ்ப் பிளாஸ்டிக்கே பொருந்தும். இடைவெளியின் அளவிலும் கவனம் வேண்டும். காங்கிரீட் சட்டங்களுக்கு ஐரோப்பிய விதி பாற்குட்டிகளுக்கு 11 மில்லிமீட்டரும் வளர்ந்த பெண்பன்றிக்கு 20 மில்லிமீட்டரும் உச்ச வரம்பாக வைத்துள்ளது. தாயின் அளவுக்கு வெட்டிய இடைவெளியில் குட்டியின் கால் சிக்கும்.

மண்தரைக்கு ஒரு சிறப்பு உண்டு. குட்டி மண்ணைக் கிளறி அதிலிருந்து இரும்புச் சத்தைப் பெறுகிறது. குட்டிக்கு நாளொன்றுக்கு வேண்டுவது சுமார் 7 மில்லிகிராம்; பாலில் கிடைப்பது ஒன்று. எனவே சிமெண்டிலும் சட்டத்திலும் பிறந்த குட்டிக்கு முதல் சில நாட்களுக்குள் இரும்பு ஊசி போடாவிடில் சோகை வரும். ஆயினும் மண்தரையில் புழுவும் சேறும் ஒழியா. அதை மேலென்று கூறுவதற்கில்லை.

கழுவும் நீர் எங்கே செல்கிறது என்பதையும் தரையோடு சேர்த்தே எண்ண வேண்டும். பொங்கோல் பண்ணைகளின் முடிவுக்கு இக்கழிவுநீரே ஒரு பெருங்காரணம். நீரும் நிலமும் அருகிய தீவில் அதைச் சுத்திகரிக்கும் செலவு மிகுந்தது. பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்துவதாக 1984இல் அரசு அறிவித்தது. 1990 அளவில் அத்தொழில் அங்கு அற்றுவிட்டது.

தரை ஏற்றதா என்று அறியக் கருவி வேண்டா. இரவில் விளக்குடன் சென்று பார்த்தால் போதும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நடுங்கினால் தரை குளிர்ந்துள்ளது. தாயை விட்டு விலகி, பக்கவாட்டில் கால் நீட்டி, அருகருகே உறங்கினால் அத்தரை அவற்றுக்குப் பொருந்தியுள்ளது.