திரைக்குப் பின்னே – 11: ‘குற்றாலம்’ என்றால் 27 பைட்

லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11-க்கு வயதானதையும், 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் அதற்கு மாற்றாக வேலண்டைத் தொடங்கியதையும் போன வாரமே பார்த்தாயிற்று. இந்த வாரம் நிறங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் தமிழ்த் தட்டச்சு என்னைப் பிடித்துக்கொண்டது.

எக்ஸில் ஒரு செயலிக்கு அடிக்கும் எழுத்தை இன்னொரு செயலி ஒட்டுக்கேட்க முடியும். வேலண்ட் அந்தக் கதவை அடைத்துவிட்டது. ஆனால் தமிழ்99 விசைப்பலகைக்கு முந்தைய எழுத்து என்னவென்று தெரிந்தாக வேண்டும். ‘ற’வை இரண்டு முறை தட்டினால் முதல் ‘ற’வுக்குத் தானே புள்ளி வைப்பது அதன் அழகு. இந்தத் தகவலை முறைப்படி கொடுத்து வாங்க 2018-இல் வந்தது ‘டெக்ஸ்ட் இன்புட்’ நெறிமுறையின் மூன்றாம் பதிப்பு. கர்சரைச் சுற்றியுள்ள எழுத்துகளைச் செயலி, சாளரங்களைத் தொகுத்துத் திரையில் காட்டும் கம்பாசிட்டரிடம் சொல்லும். கம்பாசிட்டர் அதை, தட்டலைத் தமிழாக்கும் நிரலான உள்ளீட்டு முறைக்குச் சேர்க்கும்.

இங்கேதான் அசந்துபோனேன். அந்த நெறிமுறை எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. யுடிஎஃப்-8இல் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. ‘குற்றாலம்’ என்று அடித்துப் பாருங்கள். க, உ, ற, ற, ஆ, ல, ம, புள்ளி என எட்டுத் தட்டல்கள். உள்ளே சேர்வதோ க, உகரக் குறி, ற, புள்ளி, ற, கால், ல, ம, புள்ளி என ஒன்பது குறியீடுகள், 27 பைட். ‘தென்காசி’க்கு 24. ஒரு முறைக்கு 4000 பைட் வரைதான் அனுப்பலாம் என்பது விதி. ஆங்கிலத்தில் 4000 எழுத்துகள் போகும் இடத்தில் நமக்கு 1333 குறியீடுகள்தான்.

இது வெறும் கணக்கு இல்லை. ‘குற’ வரை அடித்து, அது செயலிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்த ‘ற’வைத் தட்டியதும் உள்ளீட்டு முறை சொல்லும்: “பின்னால் மூன்று பைட்டை அழி, ‘ற்ற’ என்று போடு.” செயலியை எழுதியவர் மூன்று பைட்டை மூன்று குறியீடு என்று எடுத்துக்கொண்டால், ‘குற’ முழுவதும் காணாமல் போய் ‘ற்ற’ மட்டும் மிஞ்சும். ஆங்கிலத்தில் சோதித்தால் இந்த வழு எந்தக் காலத்திலும் கண்ணில் படாது. தமிழ் போன்ற மொழிகளில் அடிப்பவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

எங்கள் தென்காசிப் பக்கத்தில் அப்படி அடிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. சாரல் தொடங்கிவிட்டால் ‘ஐந்தருவி செல்லும் வழி’ என்று பலகைக்கு எழுத்துக் கோக்கும் டிடிபி கடைகள் இருக்கின்றன. அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. மத்தளம்பாறையில் 2011 முதல் சோஹோ இருக்கிறது. அவர்களின் ‘உலா’ உலாவி குரோமியத்தை அடித்தளமாகக் கொண்டது. அந்தக் குரோமியத்திலேயே, வேலண்டில் உள்ளீட்டு முறை வேலை செய்யத் தனியாக ஒரு கட்டளையைச் சேர்க்க வேண்டிய நிலை நெடுநாள் இருந்தது.

வேலண்ட் 1.0 வந்தது 2012-இல். ஃபெடோரா 2016-இல் அதையே இயல்பாக்கியது, கேடிஇ பிளாஸ்மா 2024-இல். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் 10-ஆம் பதிப்பு 2025-இல் பழைய எக்ஸ் சேவையகத்தையே கழற்றிவிட்டது. சாளரங்களுக்கான நெறிமுறை 2017-லேயே ‘நிலையானது’ என்று முத்திரை பெற்றுவிட்டது. நாம் எழுதுவதற்கான நெறிமுறையோ இன்னும் ‘நிலையற்றது’ என்ற அடைவில்தான் கிடக்கிறது. தமிழில் ஒரு பக்கம் தடையில்லாமல் அடிக்க முடிகிறதா என்பதுதான் முதிர்ச்சிக்கு என் அளவுகோல். பதிப்பு எண் அதற்கு அப்புறம்.

உங்களிடம் லினக்ஸ் இருந்தால் குற்றாலம், தென்காசி, ஐந்தருவி மூன்றையும் வெவ்வேறு செயலிகளில் அடித்துப் பாருங்கள். எங்கே எழுத்து விழுங்கப்படுகிறதோ, அந்தச் செயலிக்காரர்களுக்கு வழு அறிக்கை அனுப்புங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

ஐந்தாண்டு விவாதத்துக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் சேர்க்கப்பட்ட நிற நெறிமுறை அடுத்த வாரம்.

(தொடரும்)