ஊராட்சி வாசல்வரை ஒரு ஜிகாபிட்

செல்போன் நிறுவனங்கள் தங்கள் வருவாயில், கழிவுகள் போக மிஞ்சுவதில், 5 சதவீதத்தை மத்திய அரசின் நிதியம் ஒன்றில் கட்டுகின்றன. நாம் ரீசார்ஜ் செய்யும் பணம்தான் அது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று புதுப்பெயர் சூட்டியது. ஊராட்சிதோறும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்துக்குப் படியளப்பது இந்த நிதியம்தான்.

தமிழ்நாட்டில் வேலை, மாநில அரசின் டான்பிநெட் நிறுவனத்தின் கையில். 12,525 ஊராட்சிகள், சுமார் 1,815 கோடி ரூபாய். 2020இல் டெண்டர் சர்ச்சையாகி, மத்திய அரசு தலையிட்டு, மறுபடி டெண்டர் விட்டு, 2022 ஜூனில்தான் பணி தொடங்கியது. நெல்லை மாவட்டத்தின் 204 ஊராட்சிகளும் இந்தக் கணக்கில் வருகின்றன.

சரி, எவ்வளவு வேகம் வந்தால் பிராட்பேண்ட்? 2004இல் நொடிக்கு 256 கிலோபிட் போதும் என்றார்கள், 2013இல் 512. 2023 ஜனவரியிலிருந்து 2 மெகாபிட். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தால் இதுவும் திணறும். திட்டம் தருவதாகச் சொல்வது 1 ஜிகாபிட். ஆனால் அது ஊராட்சிக் கட்டடத்துக்கு. அங்கிருந்து வீடுகளுக்கு இணைப்பு இழுப்பது தனி வேலை.

வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது கம்பம். கேபிளில் 85 சதவீதம் மின்கம்பங்கள் வழியாக, 15 சதவீதம் மட்டுமே மண்ணுக்கடியில் என்பது ஏற்பாடு. குழி தோண்டும் செலவும் நாளும் மிச்சம்தான். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது கரையோர ஊர்களில் மின்சாரமும் போனது, செல்போனும் போனது. கம்பம் சாய்ந்தால் அதில் தொங்கும் கேபிளும் அதோடு போகும்.

2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் இருக்கிறது உருப்படியான ஒரு விதி: கேபிள் இனி வளையமாகப் போக வேண்டும். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் சுற்றிக்கொண்டு இணைப்பு வந்துவிடும். பத்தாண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்தே பணம். நம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இது பலிக்க வேண்டுமானால் வளையத்தின் இரு கைகளும் ஒரே ஆற்றங்கரைச் சாலையில் போகக் கூடாது; போனால் வெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். இதை வரைபடம் போடும்போதே பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று, ஊராட்சிக் கட்டடத்தில் வைக்கும் ரூட்டரும் யுபிஎஸ்ஸும். அவற்றைக் காப்பது ஊராட்சியின் பொறுப்பு. கரண்ட் போனால் யுபிஎஸ் எத்தனை மணி நேரம் தாங்கும், அறைச் சாவி யாரிடம் என்று கிராம சபையில் எழுந்து கேட்கலாம்.