பதிவேட்டில் இருக்கிறார்கள், பலகையில் இல்லை

பொங்கல் கழிந்ததும் நம் பள்ளிகளில் ஆண்டு விழாக் காலம் தொடங்கிவிடும். இப்போது அதோடு முன்னாள் மாணவர் சந்திப்பும் சேர்ந்துகொண்டது. அம்பாசமுத்திரம் தொடங்கிப் பாளையங்கோட்டை வரை தாமிரபரணிக் கரையில் நூறாண்டு கண்ட பள்ளிகள் ஒன்றிரண்டல்ல. மருத்துவர், பொறியாளர், ஆட்சிப் பணிக்குப் போனவர், வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று மேடையேற்றிச் சால்வை போர்த்துகிறார்கள். நல்ல காரியம்தான். 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வந்தபிறகு, நன்கொடை தரும் பழைய மாணவருக்கு மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. மின்விசிறியின் இறக்கையில்கூட உபயதாரர் பெயர் எழுதும் ஊர் நம் ஊர்.

ஆனால், அந்த மேடையில் அமர்ந்திருப்பவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற தெருவிலிருந்து முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் யார் என்று அங்கே கேட்டால், பதில் சொல்ல ஆள் இருக்காது. அவர் தபால்காரராகவோ, ஆரம்பப் பள்ளி ஆசிரியராகவோ, ரயில்வே ஊழியராகவோ வேலை பார்த்து ஓய்வு பெற்று, அதே தெருவில்தான் இருப்பார். அவர் வீட்டுக்கு அழைப்பிதழ் போயிருக்காது. தலைமை ஆசிரியர் அறை பீரோவில் உள்ள சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும் அவர் பெயர் இருக்கும்.

அந்தப் பதிவேட்டைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. பள்ளியில் எத்தனையோ காகிதங்களைக் கழிக்கலாம். சேர்க்கைப் பதிவேட்டைக் கழிக்க முடியாது. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் எல்லாம் அதில் உண்டு. கோயில் கல்வெட்டில் நம் முப்பாட்டன் பெயரை யாரும் வெட்டி வைக்கவில்லை. எழுத்தில் நமக்குக் கிடைக்கும் முதல் சாட்சி பல ஊர்களில் இந்தப் பதிவேடுதான்.

மகாராஷ்டிரத்தில் சாத்தாரா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளி இதைப் புரிந்துகொண்டது. 1900 நவம்பர் 7 அன்று அங்கே ஒரு சிறுவன் சேர்ந்தான். பதிவேட்டு எண் 1914. பெயர் பீவா ராம்ஜி அம்பேட்கர். பின்னாளில் அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானவர் அவர். பிரதாப்சிங் உயர்நிலைப் பள்ளி என்று இன்று அழைக்கப்படும் அந்தப் பள்ளி அந்தப் பதிவேட்டைப் பொன்போலப் பாதுகாத்து வைத்திருக்கிறது. 2017-ல் மகாராஷ்டிர அரசு நவம்பர் 7-ஐ மாணவர் தினமாக அறிவித்தது. பிறந்த நாளும் மறைந்த நாளும்தான் தலைவர்களுக்கு உண்டு; பள்ளியில் சேர்ந்த நாளைக் கொண்டாடுவது அபூர்வம்.

சாத்தாராவில் அந்தச் சிறுவன் எப்படிப் படித்தான் என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பின் மூலையில் தனியாக உட்கார வேண்டும். உட்காரச் சாக்குத் துண்டை வீட்டிலிருந்து கொண்டுவந்து, மாலையில் திரும்ப எடுத்துப்போக வேண்டும். பள்ளியைக் கூட்டுகிற ஆள்கூட அதைத் தொட மாட்டார். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறக்க வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார். பதிவேட்டைக் காட்டிப் பெருமைப்படுகிறபோது சாக்குத் துண்டையும் சேர்த்துக் காட்டினால்தான் அந்தப் பெருமை நேர்மையானது.

தமிழகத்தில் இதற்கு ஈடான கதை தாத்தா இரட்டைமலை சீனிவாசனுடையது. கோயம்புத்தூரில் அவர் படித்த கல்விச்சாலையில் சுமார் 400 பிள்ளைகளில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து யாரோடும் விளையாட மாட்டார். மணியடிக்கும் வரை வெளியே நின்று படிப்பார். வகுப்பு விட்டதும் யாரும் பின்தொடராதபடி வேகமாக வீடு சேர்வார். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேட்கரோடு அமர்ந்தவர், பள்ளி மைதானத்தில் ஒரு பந்தைத் தொடாமலே வளர்ந்திருக்கிறார்.

நம் ஆற்றங்கரைக்கு வருவோம். கன்னடியன் கால்வாய் பாயும் சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் தமிழ்க் குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் நிதி பெற்ற அந்தக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. அங்கே படித்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் தண்ணீர்ப் பானை விஷயத்தில் அவமானப்பட்டு வீட்டில் போய்ச் சொன்னதும் பிரச்சினை வெடித்தது என்பார்கள். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்துக் கிளம்பினார்கள். ஐயர் 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர் விட்டார். ஓமந்தூரார் பின்னாளில் சென்னை மாகாணத்தின் முதல்வராகி, 1947-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறக் காரணமாக இருந்தார். ஒரு மாணவனின் குடும்பம் பட்ட அவமானம் எங்கே போய் முடிந்தது பாருங்கள். ஆனால், அன்றைய சண்டை பிராமணரல்லாத பிள்ளையின் இலை எங்கே என்பதுதான். நம் பிள்ளைக்கு இலையே போடுவார்களா என்று அந்தச் சண்டையில் எத்தனை பேர் கேட்டார்கள்?

நூறாண்டு ஆகிவிட்டது. பந்தி மாறியது, கையில் கயிறு வந்தது. எந்தச் சாதிக்கு எந்த நிறம் என்று நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம். 2019-ல் பள்ளிக் கல்வித் துறை இதுபற்றிச் சுற்றறிக்கை அனுப்பும் அளவுக்குப் போனது. 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில், தனக்கு நடந்த துன்புறுத்தலைப் பள்ளியில் சொன்ன பிளஸ் டூ மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. நன்றாகப் படிக்கிற பிள்ளை அவன். நீதிபதி சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது: பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம், வண்ணக் கயிறு வேண்டாம், அகர வரிசைப்படி உட்கார வையுங்கள் என்றெல்லாம் சொல்கிறது.

“சாதியை விடச் சொல்லும் நேரத்தில், சாதி பார்த்துக் கௌரவிக்கச் சொல்கிறீரே” என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நான் பலகையில் சாதியை எழுதச் சொல்லவில்லை. பெயர், தெரு, படித்த ஆண்டு, செய்த வேலை போதும். தெருப் பெயர் வேண்டாம் என்று அந்தக் குடும்பம் சொன்னால் அதையும் விட்டுவிடலாம். ‘காலனி’ என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்துவிட்டார். ஒரு பலகையில் எல்லாத் தெருப் பெயர்களும் கலந்து நிற்கும்போது, ஆறாம் வகுப்பில் சேர வரும் பிள்ளை அதில் தன் தெருக்காரர் ஒருவரைக் காண்பான். பக்கத்தில் நிற்கிற ஊர்ப்பிள்ளையும் அந்தப் பெயரை வாசிப்பான். எனக்கு இரண்டாவது வாசிப்புதான் முக்கியமாகப் படுகிறது. கயிறு கட்டுகிற கை அவனுடையதாகவும் இருக்கலாம் அல்லவா?

பாரதி படித்த வகுப்பறையை நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளி இன்றும் போற்றி வைத்திருக்கிறது. போற்றத் தெரியாத ஊரல்ல இது. யாரைப் போற்றுவது என்பதில்தான் கண் பழகவில்லை.

குடும்பங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ராம்ஜி சக்பாலால் இரண்டு மகன்களையும் படிக்க வைக்க முடியவில்லை. அண்ணன் ஆனந்தராவ் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனார். தம்பி பீமராவ் படித்தார். 1907-ல் தம்பி மெட்ரிகுலேஷன் தேறியபோது பம்பாயில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. எஸ்.கே. போலே தலைமை, ஆசிரியர் கேலுஸ்கர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசாகத் தந்தார். பிறகு பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்க வழி செய்தவரும் அவரே. பாராட்டு என்றால் அப்படி இருக்க வேண்டும்: ஒரு புத்தகம், அடுத்த படிக்கட்டுக்கு ஒரு கைலாகு.

நம் பக்கத்து ஆனந்தராவ்கள் எத்தனை பேர்! கார் நடவிலும் பிசான அறுப்பிலும் பதிவேட்டில் நம் பிள்ளைகளுக்கு ‘ஆப்சென்ட்’ விழும். அம்மா வயலுக்குப் போனால், கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அக்கா நின்றுவிடுவாள். அக்கா நின்றதால் தம்பி படித்தான். ‘விலகிய காரணம்’ என்ற கட்டத்தில் அக்கா பெயருக்கு நேரே ஏதோ ஒரு சொல் இருக்கும், ‘குடும்பச் சூழல்’ என்பதுபோல. தம்பிக்குச் சால்வை போடும் நாளில் அந்த அக்காவும் மேடை ஏற வேண்டும். அந்தப் பள்ளியில் நான்காண்டோ ஐந்தாண்டோ படித்தவளும் முன்னாள் மாணவிதானே.

இதைச் செய்யப் பெரிய செலவு இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. நம் தெரு இளைஞர்கள் அங்கே போய் இதைப் பேசி, தீர்மானமாக எழுத வைக்க வேண்டும். பதிவேட்டைப் பிறர் கையில் தர மாட்டார்கள், தரவும் கூடாது. தலைமை ஆசிரியரே பார்த்து 1950, 60-களின் பெயர்களை எடுத்துத் தந்தால் போதும். கல்லூரி மாணவர்கள் அந்தப் பெயர்களோடு தெருவுக்குப் போய், இருப்பவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதலாம். என்ன வேலை பார்த்தீர்கள் என்பதோடு நிறுத்தாமல், தண்ணீர் எதில் குடித்தீர்கள், எங்கே உட்கார வைத்தார்கள், எந்த வாத்தியார் நோட்டு வாங்கித் தந்தார் என்றும் கேளுங்கள். நல்ல வாத்தியார்களும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் பெயரும் வேண்டும்.

1950-களில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்களுக்கு இன்று எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. அடுத்த ஆண்டு விழாவுக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.